30 விநாடி எல்லா லென்ஸுக்கும் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறை இணைப்பில் வந்த இரவு வானப் படக் குறிப்பில், 'ஷட்டரை 30 விநாடி திறந்து வையுங்கள்' என்று பொதுவாகச் சொல்லியிருந்தது. அப்படி எடுத்தால் நட்சத்திரம் புள்ளியாக விழாது; சீரகம் மாதிரி நீண்டு விழும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (பிலிம் சட்டத்தைவிடச் சிறிய சென்சார் உள்ள) கேமராவில் 18 மி.மீ. லென்ஸ் போட்டால், 30 விநாடியில் கேட்டை நட்சத்திரம் ஏறக்குறைய ஒன்பது பிக்சல் நகர்ந்துவிடும்.

நட்சத்திரம் புள்ளியாகவே விழ அதிகபட்சம் எத்தனை விநாடி என்று பார்க்க, 500-ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுப்பது பிலிம் காலத்துக் கணக்கு. இன்றைய சென்சாருக்கு 300-ஐ வகுப்பதே நல்லது. ஏபிஎஸ்-சி என்றால் மி.மீ. அளவை முதலில் 1.5-ஆல் பெருக்க வேண்டும். 18 என்பது 27 ஆகும். கிடைப்பது 11 விநாடி. குறைகிற வெளிச்சத்தை, ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறனை 3200-க்கு உயர்த்தி ஈடுகட்டலாம். மே நடுவில் இரவு 11 மணிக்கு மேல் தென்கிழக்கில் விருச்சிகத்தை ஒட்டிப் பால்வெளி நன்றாக ஏறியிருக்கும். நிலா இல்லாத நாளாக இருக்க வேண்டும்.

பாதிப் படங்கள் கெடுவது ஃபோகஸில்தான். லென்ஸில் உள்ள இன்ஃபினிட்டி (மிகத் தொலைவு) குறியை நம்பக்கூடாது. லைவ் வியூவில், அதாவது கேமராத் திரையில், பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறியதாகும் இடத்தில் வளையத்தை நிறுத்தி டேப் ஒட்டிவிடுங்கள். ட்ரைபாடில் வைக்கும்போது, கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசரை அணைக்க மறந்தால், லென்ஸே படத்தை ஆட்டிவிடும்.

30 விநாடிக்கு வேலை இருப்பது, நட்சத்திரங்களின் நகர்வை வேண்டுமென்றே கோடாகக் காட்டும் படங்களில். ஒரு விநாடி இடைவெளியில் 120 படம் எடுத்து ஸ்டார்ஸ்டாக்ஸ் மென்பொருளில் அடுக்கினால், ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி வளைவு கிடைக்கும். இதற்கு 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' கூடவே கூடாது: ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமரா இன்னொரு 30 விநாடி இருட்டுப் படம் எடுப்பதால், கோடு ஓட்டுத் தையல் போல விட்டுவிட்டுத் தெரியும். கோடை வெக்கையில் சென்சார் சூடாகிச் சிவப்பு, நீலப் புள்ளிகள் பெருகும்தான். அதற்குக் கடைசியில் லென்ஸை மூடி, அதே அமைப்பில் பத்து இருட்டுப் படம் எடுத்து, அந்தப் புள்ளிகளை மென்பொருளில் மற்றப் படங்களிலிருந்து கழித்துக்கொள்ளலாம். கோடுகள் வட்டமாகச் சுற்றிவரும் மையமாக, வெளிநாட்டுப் படங்களில் உச்சிப் பக்கம் தெரியும் துருவ நட்சத்திரம் சென்னையில் 13 டிகிரி, குமரியில் 8 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்கே மரமும் மலையும் மறைக்காத இடமாகப் பார்க்க வேண்டும்.

ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்கள் ஹெட்லைட்டை அணைத்து, டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவரின் படத்தை வெளுக்கவைக்கும் அதே வெளிச்சம், அங்குள்ள காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கும் தொல்லைதான்.

- வாசகர், திருப்பத்தூர்