முயல் வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. மூன்று யூனிட், முப்பது முயல், பிறக்கும் குட்டிகளை மூன்று மாதத்தில் முயல் கொடுக்கும் கம்பெனிக்காரர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று ஒப்பந்தம். கையெழுத்துப் போடும் முன்பு இதைப் படித்துவிடு. உன்னைப் போல யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

2012-இல் நீ சின்னப் பையன். எங்கள் தோட்டத்து ஈமுப் பறவைகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவாய். பெட்டை ஈமு தொண்டைக்குள்ளேயே உடுக்கை அடிப்பது போலச் சத்தம் போடும், அதைக் கேட்டு நீ கம்பி வலையை விட்டு ஓடுவாய். அப்பா அதற்காக ஈமுக் கம்பெனியில் ஒன்றரை லட்சம் கட்டியிருந்தார். ஆறு குஞ்சு கொடுத்தார்கள். தீவனம் அவர்களுடையது, வளர்க்கும் கூலி மாதம் 6,000 ரூபாய். முதல் சில மாதங்கள் பணம் சரியாக வந்தது. அதைப் பார்த்துதான் நம் சொந்தத்திலேயே இன்னும் இரண்டு பேர் கட்டினார்கள்.

அந்த ஆகஸ்டில் தீவன வண்டி வரவில்லை. ஈரோடு மாவட்டம் முழுக்க அதே கதை. பல பேர் பறவைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள், அரசாங்கமே அவற்றுக்குத் தீவனம் போட வேண்டி வந்தது. அப்பாவுக்கு விட மனசு வரவில்லை. நாற்பது கிலோ பறவை பசியில் வேலியோரமாகவே நடந்துகொண்டிருக்கும். அவர் வீட்டுச் சோளத்தை அளந்து போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

பிற்பாடுதான் நானும் அவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு குஞ்சு 25,000 ரூபாய் விழுந்திருக்கிறது. வளர்ந்த பறவை நாற்பது கிலோ, அதில் பாதி கறி என்று வைத்தால்கூடக் கிலோ 1,250 ரூபாய்க்கு விற்றால்தான் குஞ்சு வாங்கிய காசு மட்டும் திரும்பும். அப்போது ஆட்டுக்கறியே அதில் பாதி விலை இல்லை. அப்படியானால் ஈமுவை யார் வாங்கிக்கொண்டிருந்தார்கள்? அடுத்து வளர்க்க வந்தவர்கள்தான். ஊரில் கறி தின்றவன் ஒருத்தனும் இல்லை. புதிதாகப் பணம் கட்ட ஆள் வருவது நின்ற அன்றைக்குத் தொழிலும் நின்றுவிட்டது.

நான் உன்னிடம் கேட்பதும் அந்த ஒன்றைத்தான். உன்னிடம் எடுக்கும் குட்டிகளை அவர்கள் எங்கே கொண்டுபோகிறார்கள்? கறிக்கடைக்கா, இல்லை இன்னொரு தம்பியின் கொட்டகைக்குத் தாய் முயலாகவா? கடைக்கு என்றால் கடையின் பெயரைச் சொல்லட்டும், நீ பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வா. பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடு.

முயல் கெட்ட தொழில் என்று நான் சொல்ல மாட்டேன். ஈமுவைவிட ஆயிரம் மடங்கு நல்லது. முப்பது, முப்பத்தொரு நாளில் ஈனும், ஈற்றுக்கு ஆறு எட்டு குட்டி. தீவனத்துக்கு வேண்டிய வேலிமசாலும் அகத்தியும் நம் வரப்பிலேயே வளரும். ஆனால் நீ பார்த்துவிட்டு வந்த முயல் பண்ணை இருப்பது கொடைக்கானல் மலையில், மன்னவனூர்க் குளிரில். நம் ஊர் சித்திரை வெயில் வேறு. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியே விடும். முப்பது டிகிரியைத் தாண்டினாலே அது திணற ஆரம்பிக்கும். ஆண் முயல் அந்த மாதங்களில் சேர்ந்தாலும் சினை பிடிப்பது குறைந்துபோகும். தகரக் கொட்டகை போட்டாயானால் ஒரே மதியத்தில் வரிசையாகச் சாகும். ஓலை வேய்ந்து, மர நிழலில், தரையிலிருந்து உயர்த்திக் கூண்டு வை. கூண்டுக்கு மேலே ஈரச் சாக்குப் போட ஒரு ஆள் வேண்டும். நீ வேலைக்குப் போய்விட்டால் அது சித்திதான். அவருக்கு ஏற்கனவே இரண்டு மாடு இருக்கிறது. அவரிடம் கேட்டாயா?

அப்புறம் மருந்து. காதில் சொறி வரும், வயிறு ஊதும். ஆட்டுக்கு வாங்கி வைத்ததையே கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மட்டும் இறங்கிவிடாதே. பென்சிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடல் கெட்டு உயிரே போய்விடும். முயலுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய டாக்டர் பக்கத்தில் யார் என்று இப்போதே விசாரித்து வை.

முப்பது வேண்டாம், தம்பி. ஒரு ஆண், மூன்று பெண் போதும். ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், உன் சொந்தக் காசில் வாங்கு. ஒரு கோடை தாண்டட்டும். முதல் ஈற்றுக் குட்டிகளை நம் ஊரிலேயே விற்றுப் பார். ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்க வருகிறவர்களில் எத்தனை பேர் முயல் கேட்கிறார்கள் என்று கறிக்கடை அண்ணனிடம் விசாரி. பத்துப் பேர் திரும்பத் திரும்பக் கேட்டால் கூண்டைக் கூட்டிக்கொண்டே போகலாம், நானும் பணம் போடுகிறேன். யாரும் கேட்கவில்லை என்றால் நான்கு முயலோடு நஷ்டம் நின்றுவிடும்.

அப்பா ஈமுவுக்குப் போட்ட கம்பி வலை இன்னும் எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் சுருட்டிக் கிடக்கிறது. கூண்டுக்கு ஆகாது, ஆனால் கொட்டகையைச் சுற்றிக் கட்டினால் நாய் உள்ளே வராது. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து எடுத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா