நோன்பில்லாத உன் ரமலானுக்கு

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அறுவை சிகிச்சை முடிந்து நோன்பு வைக்க முடியாமல் இருக்கும் நீ நேற்று இரவு தொலைபேசியில் அழுததை உன் உம்மாவிடம் நான் சொல்லவில்லை. “எல்லாரும் நோன்பு வைத்திருக்கிறார்கள், நான் மட்டும் பட்டப்பகலில் தட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன் வாப்பா. இந்த ரமலான் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது” என்றாய். எனக்கு நா எழவில்லை. விடியுமுன் சஹர் உணவுக்கு எழுந்த பிறகும் அதே நினைவுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ முதல் நோன்பு வைத்த நாளை நான் மறக்கவில்லை. உனக்கு எட்டு வயது. லுஹர் தொழுகைக்கு உளூச் செய்யக் குழாயடியில் நின்றாய். கையைக் கழுவிவிட்டு வாயில் தண்ணீர் எடுத்தாய். இரண்டு கன்னங்களும் உப்பியிருந்தன. கொப்பளிக்கவும் இல்லை, விழுங்கவும் இல்லை, அப்படியே நின்றாய். நல்ல வெயில் நேரம். பின்னால் நான் நிற்பது உனக்குத் தெரியாது. ஒரு மடக்கு உள்ளே இறங்கினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? சற்று நேரம் கழித்துத் துப்பினாய். உதட்டோரம் தங்கிய துளியையும் புறங்கையால் துடைத்துவிட்டு அடுத்து முகத்தைக் கழுவத் தொடங்கினாய். தக்வா, அதாவது இறையச்சம் என்ற சொல்லுக்கு எத்தனையோ பயான்களில் விளக்கம் கேட்டிருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் நோன்பு கடமையானது. குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தில் வரும் அந்த 183ஆம் வசனம் உனக்கு மனப்பாடம். நமக்கு முன்னிருந்தோருக்கு விதிக்கப்பட்டது போலவே நமக்கும் நோன்பு விதிக்கப்பட்டிருக்கிறது, நாம் தக்வா உடையோராக ஆவதற்காக என்கிறது. பசித்திருப்பதற்காக என்று சொல்லவில்லை. தொழுகையைப் பார்க்கிறார்கள். ஸகாத் என்னும் கடமையான தர்மத்தை வாங்கியவருக்குத் தெரியும். ஹஜ்ஜுக்குப் போனால் ஊரே அறியும். நோன்புக்கு மட்டும் வெளியே காட்ட உருவம் கிடையாது. பூட்டிய அறைக்குள் ஒருவர் தண்ணீர் குடித்தாரா இல்லையா என்பது அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் இடையில் உள்ள சங்கதி. “நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுக்கிறேன்” என்று அல்லாஹ் சொன்னதாக நபிகள் நாயகம் (ஸல்) அறிவித்ததை, அன்று குழாயடியில் நின்ற உன்னை நினைக்காமல் என்னால் வாசிக்க முடிந்ததே இல்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நோன்பைக் கடமையாக்கிய கையோடு, அடுத்த வசனத்திலேயே அவன் நோயாளியையும் பயணியையும் நினைத்துவிட்டான். வேறு நாட்களில் வையுங்கள் என்கிறான். அதையே 185ஆம் வசனத்தில் மறுபடியும் சொல்லி, “அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை” என்றும் சேர்க்கிறான். என்னைக் குடிக்காதே என்று தடுத்தவன்தான் உன்னைக் குடி என்கிறான். நண்பகலில் மாத்திரையை விழுங்கத் தண்ணீர் எடுக்கும்போது நீ ரமலானுக்கு வெளியே நிற்கவில்லை மகளே. அவன் சொன்னதைத்தான் செய்கிறாய். அறுத்துத் தைத்த உடம்பு அவன் நம்பி ஒப்படைத்த அமானிதம்.

ஒரு பயணத்தில் நபித்தோழர்களான சஹாபாக்கள் சிலர் நோன்பு வைத்திருந்தார்கள், சிலர் வைக்கவில்லை. கடும் வெப்பம். ஓரிடத்தில் இறங்கியதும் நோன்பாளிகள் சுருண்டு விழுந்துவிட்டார்கள். நோன்பு வைக்காதவர்கள் எழுந்து கூடாரம் அடித்தார்கள், ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டினார்கள். “இன்று நோன்பு வைக்காதவர்கள் நன்மையைக் கொண்டுபோய்விட்டார்கள்” என்றார்கள் நபியவர்கள். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் இருக்கும் செய்தி இது.

எனக்கு உன்னைப் பற்றிக் கவலை இல்லை. என்னைப் பற்றித்தான். நீ பத்து வயதில் இஃப்தாருக்குச் சற்று முன்னால் கண்ணாடிக் குவளையைக் கை தவறிப் போட்டாய். விருந்தாளிகள் முன்னிலையில் நான் கத்தினேன். நீ சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாய். நானோ பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன், நோன்பு நிறைவேறிவிட்ட திருப்தியோடு! யாராவது வம்புக்கு வந்தால்கூட “நான் நோன்பாளி” என்று சொல்லி ஒதுங்கச் சொன்னார்கள் நபியவர்கள். நானோ பத்து வயதுப் பிள்ளையிடம் அடங்கவில்லை. ஈஸா நபியின் தாய் மர்யம் (அலை) யாரோடும் பேசாமல் இருப்பதாக நேர்ந்ததைக் குர்ஆன் ‘ஸவ்ம்’, அதாவது நோன்பு என்றே சொல்கிறது. நாவை அடக்குவதற்கும் அதே பெயர்தான். பொய்யையும் பொய்யான நடத்தையையும் விடாதவர் உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவை எதுவும் இல்லை என்ற நபிமொழியை எங்கே கேட்டாலும் அந்தக் குவளைதான் என் கண்முன் வருகிறது. பதினேழு ஆண்டுகள் கழித்துக் கேட்கிறேன், வாப்பாவை மன்னித்துவிடு.

இன்னொன்றையும் கவனி. அல்பகரா அத்தியாயத்தில் 183இல் தொடங்கி 187 வரை நோன்பைப் பற்றிய பேச்சு. ஆனால் நடுவே உள்ள 186இல் நோன்பு என்ற சொல்லே வராது. “என் அடியார்கள் என்னைப் பற்றி உம்மிடம் கேட்டால், நான் அருகிலேயே இருக்கிறேன். அழைப்பவர் என்னை அழைக்கும்போது அவருக்கு விடையளிக்கிறேன்” என்று மட்டும் இருக்கும். மக்கள் கேட்ட கேள்விகளுக்குப் பிற இடங்களில் “நபியே, சொல்வீராக” என்று விடை தொடங்கும். இங்கே அந்தச் சொல்லைக்கூட இடையில் வைக்கவில்லை, அவனே நேராகப் பேசிவிடுகிறான். நோன்புச் சட்டங்களின் நடுவில் இதை ஏன் வைத்தான் என்று ஒவ்வொரு ரமலானிலும் யோசிப்பேன். பகல் முழுக்கக் காய்ந்து போவது இந்த அருகாமைக்காகத்தான் என்று என் மனம் சொல்கிறது. அதற்கு அவன் கேட்பது அழைக்கும் ஒரு குரலை. அது உன்னிடம் இருக்கிறது. நேற்று அழுதாயே, அதுவும் அவனை அழைத்ததுதான்.

விடுபட்டதற்கு ஈடாகப் பிறகு வைக்க வேண்டிய கழா நோன்புகளை இப்போதே எண்ணிக்கொண்டிருக்காதே. உடல் தேறி, மருத்துவர் சரி என்றதும் ஒவ்வொன்றாக வைக்கலாம். நீ வைக்கிற முதல் நாளில் இன்ஷா அல்லாஹ் நானும் இங்கே விருப்பமாக ஒரு நஃபில் நோன்பு வைக்கிறேன். அதுவரை, மஃரிபுக்கு முன்னால் நாங்கள் துஆ கேட்கும் நேரத்தில் நீயும் முஸல்லாவை விரித்து உட்கார். என் பெயரையும் சேர்த்துக்கொள்.

தையல் பிரித்தாயிற்றா, இரவில் வலி குறைந்திருக்கிறதா? இரவில் தராவீஹ் தொழுகை முடிந்து வந்ததும் அழைக்கிறேன், தூங்கிவிடாதே.

உன் வாப்பா