மரத்தை வெட்டியது காலம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுத்தாளர் சுந்தர ராமசாமியைப் (சு.ரா.) பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இலக்கியப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவருடைய ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாவல் சொல்வதெல்லாம் காலம் எதையும் விட்டுவைக்காது என்பதைத்தான் என்று முடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் படித்த ஆள் இல்லை. 1976இல் தொடங்கி நாற்பத்திரண்டு வருடம் திருகோணமலை டவுனில் ஒரு பிடவைக்கடையில் துணி அளந்தவன். சு.ரா.வும் நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தியவர் என்று தெரிந்த நாளிலிருந்து அவரை எங்கள் தொழில்காரர் என்றே நினைத்துக்கொண்டேன். துணிக்கடையில் நிற்பவனுக்கு மனிதரைப் பார்க்க வேறு இடம் தேவையில்லை. கலியாணத்துக்கு எடுக்க வருபவர்கள் நாலு கடை ஏறி இறங்கி, ஐந்து ரூபாவுக்கு அரை மணி நேரம் கதைப்பார்கள். செத்த வீட்டுக்குக் கோடித் துணி எடுக்க வருபவர் விலையே கேட்பதில்லை. நீட்டியதை வாங்கிக்கொண்டு மிச்சக் காசைக்கூட எண்ணாமல் போய்விடுவார். இரண்டும் ஒரே ஆளாக இருப்பதையும் கண்டிருக்கிறேன்.

அவர் பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதியவர் என்பதை உங்கள் கட்டுரை ஒரு வரியில் தாண்டிப்போனதும் எனக்குக் குறையாகப் பட்டது. ‘எழுத்து’ பத்திரிகையில் 1959இல் வந்த அவருடைய முதல் கவிதை ‘உன் கை நகம்’. நகத்தை வெட்டி எறி, அழுக்குச் சேரும் என்று தொடங்கும். அகிலமே அழுக்குக்குச் சொந்தமாக இருக்கும்போது நகக்கண்ணும் அதற்கு எதற்கு என்று கேட்கும். இதிலே என்ன கவிதை இருக்கிறது என்று கேட்டவர்களை நான் அறிவேன். எங்கள் கடையில் பழைய முதலாளி இருந்தவரை, காலையில் கதவு திறந்ததும் பொடியன்மார் எல்லோரும் கல்லாவுக்கு முன்னால் கையை விரித்துக் காட்ட வேண்டும். நகம் ஒரு நூலளவு வளர்ந்திருந்தாலும் பட்டுச்சேலையைத் தொட விடமாட்டார். விரிக்கும்போது நகத்தில் இழை மாட்டினால் ஒரு சின்னச் சுருக்கம் விழும். தூரத்தில் நிற்பவருக்குத் தெரியாது. வாங்குகிற அம்மாவின் விரல் தடவிக்கொண்டு வரும்போது அந்த இடத்தில் சரியாக நின்றுவிடும். அப்புறம் அந்தச் சேலை போகாது. தினமும் நகத்தைப் பார்த்தவனுக்கு அந்தக் கவிதை உடனே விளங்கியது. தன் கையில் உள்ள அழுக்கை முதலில் பார் என்கிறது.

நாவலுக்கு வருகிறேன். 1966இல் புத்தகமாக வந்தது. எனக்கு 1979இல் வாசிகசாலையில் கிடைத்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அதில் வரும் தாமோதர ஆசான் சொல்லும் கதைகளில் மயங்கி, ஆசான் இல்லாத பக்கங்களைத் தள்ளித் தள்ளி வாசித்தேன். 1990இல் போரால் இடம்பெயர்ந்து திரும்பி வந்து, நாற்பது வயதுக்கு மேல் வாசித்தபோது காற்றாடித் தோப்பு அழிந்து பூங்கா வரும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இருந்த ஊர் இல்லாமல் போவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. சென்ற வருடம் மூன்றாம் தரம் வாசித்தேன். இந்தத் தரம் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு யாரும் இல்லை, அதில் வருகிற கடைக்காரர்கள்தான்.

அந்தப் புளியமரம் வயதாகிச் சாகவில்லை. புயலில் விழவுமில்லை. இரண்டு வியாபாரிகளின் போட்டி, தேர்தல், பத்திரிகை, ஊர் வம்பு எல்லாம் அதைச் சுற்றி வந்து கடைசியில் நஞ்சு வைத்துக் கொல்கிறார்கள். மரம் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றது. மனிதர்கள் செய்ததைக் காலத்தின் தலையில் கட்டாதே என்றுதான் அந்தப் புத்தகம் எனக்குச் சொல்லியது.

எங்கள் கடை வாசலிலும் ஒரு வேம்பு நின்றது. நான் வேலைக்குச் சேரும்போதே இரண்டு பேர் கைகோர்த்தால்தான் கட்டிப் பிடிக்கலாம். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் சாமான் வாங்க வருபவர்கள் அதன் கீழே பைகளை வைத்து, தண்ணீர் குடித்து, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த கடைக்குப் போவார்கள். சில வருடங்களுக்கு முந்தி, காகம் எச்சம் போட்டு வாசலில் தொங்கவிடும் துணி பழுதாகிறது, பெயர்ப்பலகை மறைகிறது என்று அந்த வரிசைக் கடைக்காரர் பதினொரு பேர் சேர்ந்து அதை வெட்டச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். என் கையெழுத்து அழகு என்று மனுவை என்னிடம்தான் எழுதக் கொடுத்தார்கள். எழுதினேன். பன்னிரண்டாவதாகக் கையெழுத்தும் போட்டேன். ஒரு திங்கட்கிழமை காலை ஆட்கள் வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது. “என்ன செய்கிறது, காலம் மாறிப்போச்சு” என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நானும் ஓம் என்று தலையாட்டினேன். சென்ற வருடம் அந்த நாவலை முடித்த இரவுதான், அந்த ஓம் பொய் என்று எனக்கு உறைத்தது. காலத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். சு.ரா. 2005 ஒக்டோபர் 14இல் காலமானார். தான் விடைபெற்ற செய்தி எட்டியதும் பதற வேண்டாம், இரங்கற் கூட்டத்துக்கு ஆள் பிடிக்க அலைய வேண்டாம் என்று நண்பனுக்குச் சொல்வதாக ஒரு கவிதை முன்பே எழுதி வைத்திருந்தார். அதனால் நினைவுநாள் மலர் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய கவிதைகளையும் நாவல்களையும் சேர்த்து வைத்து வாசித்து ஒரு கட்டுரை போடுங்கள். அவருடைய இன்னொரு நாவலான ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். புளியமரத்தைப் பற்றி ஒரு கடைக்காரரையோ சந்தையில் இருக்கும் ஒரு பெண்ணையோ எழுதச் சொல்லிப் பாருங்கள். எங்களுக்கும் அதில் சொல்ல இருக்கிறது.

நான் இப்போது வேலையில் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் கடைக்குள் சற்று ஏறி இருப்பேன். முன்பு பின்னேரம்வரை வாசலில் நிழல் இருக்கும். இப்போது பதினொரு மணிக்கே வெயில் கல்லாவரை வந்துவிடுகிறது. துணி வெளிறாமல் இருக்க நீலத் தறப்பாள் கட்டியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிடவைக்கடை ஊழியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.