மாப்ளைக்கு, திரும்பி வந்த லோடு பற்றி

அன்புள்ள மாப்ள,

நீ வாட்ஸப்பில் கேட்டதற்கு ரெண்டு வரியில் பதில் போட மனசு வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பி மகன் லாரியில் கொண்டுபோன அரிசி லோடை எர்ணாகுளம் பக்கம் ஒரு குடோனில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது உண்மைதான். பையன் நல்லபடியாக வீடு வந்துவிட்டான், வண்டிக்கும் ஒன்றும் இல்லை. வாடகை பாக்கிதான் இன்னும் கைக்கு வரவில்லை. நீ இப்போது கோயம்புத்தூரில் குடோன் வாசலில் நின்று சரக்கு வாங்குகிற ஆள், இதை முழுசாக உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மில்லில் 25 கிலோ பை ஏற்றியிருக்கிறான். புளியரை தாண்டி ஆரியங்காவு வழியாகப் போனது. வழியில் மழை இல்லை, தார்பாய் போன சீசனில் வாங்கியது, கயிறு ஒரு இடத்தில்கூடத் தளரவில்லை. அங்கே குடோனில் கதவைத் திறந்து கொஞ்சம் மூட்டை இறக்கின பிறகுதான் அவர்கள் ஆள் வந்து குத்தூசியை விட்டு நாலைந்து பையில் அரிசி எடுத்திருக்கிறான். உள்ளங்கையில் கொட்டி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, நொய் அதிகமாக இருக்கிறது, சாம்பிளுக்குக் காட்டின அரிசி இது இல்லை, மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டான். இறக்கின மூட்டையைத் திரும்ப ஏற்றுகிற கூலியையும் பையனிடமே கேட்டிருக்கிறார்கள்.

மில்காரருக்குப் போன் போட்டால், நான் நல்ல அரிசிதான் அனுப்பினேன், வழியில் நீ மூட்டையை மாற்றியிருப்பாய் என்கிறார். மாப்ள, அந்தப் பையின் வாயில் மில் தையல் போட்ட நூல் அப்படியே இருக்கிறது. பையன் ஒவ்வொரு பையாகப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். அதைப் பார்த்த பிறகும் அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை. புரோக்கர் போனை எடுக்கவே இல்லை. பையன் மொழி தெரியாத ஊரில், வண்டியை விட்டு நகர முடியாமல், குளிக்க இடம் இல்லாமல், பேட்டா காசைச் சாப்பாட்டுக்குச் செலவழித்துக்கொண்டு, யார் என்ன சொல்வார்கள் என்று காத்துக் கிடந்திருக்கிறான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அவன் வந்த பிறகு பாளையங்கோட்டையில் நமக்குப் பழக்கமான வக்கீல் அண்ணாச்சியிடம் போய் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டேன். அவர் முதலில் கேட்டது, சரக்கு ஏன் வேண்டாம் என்றார்கள், அதை எங்கே எழுதிக் கொடுத்தார்கள் என்பதைத்தான். நல்லவேளை, பையன் விடாப்பிடியாக நின்று எல்.ஆர். என்கிற லாரி ரசீதின் பின்பக்கத்தில் நொய் அதிகம் என்று எழுதி வாங்கியிருக்கிறான். சீல் இல்லை, கையெழுத்து மட்டும். அதுவே போதும் தம்பி, பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கிறது என்றார்.

அண்ணாச்சி விளக்கினதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். அரிசி நல்லதா மட்டமா என்பது விற்றவருக்கும் வாங்கினவருக்கும் இடையே உள்ள வழக்கு. 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில், வாங்குகிறவர் சரக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளலாம், ஒத்துவரவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம் என்று இருக்கிறது. வேண்டாம் என்றால் அவர் அதைத் திருப்பி அனுப்பிவைக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை, விற்றவருக்குத் தகவல் சொன்னால் போதும். அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. காரணமே இல்லாமல் சரக்கை எடுக்க மறுத்தால், அதனால் வருகிற நஷ்டத்துக்கும் சரக்கைப் பார்த்துக்கொண்ட செலவுக்கும் வாங்குகிறவர்தான் பொறுப்பு. ஆக ஒன்று விற்றவர் தலையில் விழ வேண்டும், இல்லையென்றால் வாங்கினவர் தலையில். நடுவில் ஏற்றிக்கொண்டு போனவன் தலையில் விழ அங்கே இடமே இல்லை. திரும்ப ஏற்றி வந்தால் அது புது டிரிப், அதற்குத் தனி வாடகை பேச வேண்டும்.

ஆனால் நம் பக்கம் பொறுப்பே இல்லை என்று நினைத்துவிடாதே. 2007-ல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், 2011 மார்ச்சிலிருந்து அமலில் இருக்கிறது, அதற்கு முன்னால் 1865-ல் வெள்ளைக்காரன் போட்டதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதன்படி சரக்கு நம் கையில் இருக்கிறவரை நஷ்டம், சேதம், கெட்டுப்போவது எல்லாவற்றுக்கும் டிரான்ஸ்போர்ட்காரர் பொறுப்பு. இயற்கைச் சீற்றம், போர், கலவரம், கோர்ட்டோ அரசாங்கமோ போட்ட தடை, இவைகளுக்கு மட்டும் விலக்கு. அதிலும், ஜாக்கிரதையாக இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றால் விலக்கு கிடையாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்ததே, அன்றைக்கு ரோட்டில் மாட்டிக்கொண்ட வண்டியில் சரக்கு நனைந்திருந்தால் அது இயற்கைச் சீற்றம். ரோடு அடைத்தாச்சு என்று போலீஸ் நிறுத்தின பிறகும் தண்ணீருக்குள் வண்டியை விட்டவன் அதே பேச்சைப் பேச முடியாது. கிழிந்த தார்பாயோடு கிளம்பி, சாதாரண மழையில் அடி வரிசைச் சாக்கு ஊறிப்போய், கதவைத் திறந்ததும் புழுங்கின வாடை மூக்கில் ஏறினால் அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும், அது நியாயமும்கூட.

எனக்கு இதில் பெரிசாகப் பட்டது வேறு ஒன்று. சரக்கு சேதம் என்று கேஸ் போட்டால், டிரான்ஸ்போர்ட்காரரின் கவனக்குறைவு என்று கேஸ் போட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. சேதம் எப்படி வந்தது, அது நம் தப்பு இல்லை என்று நாம்தான் காட்ட வேண்டும். எதை வைத்துக் காட்டுவது? குடோன் வாசலில் எழுதி வாங்கின அந்த நாலு வரியை வைத்துத்தான். பையன் அதை வாங்காமல் வந்திருந்தால், மில்காரர் சொன்ன மூட்டை மாற்றின கதைக்கு இன்றைக்கு எங்களிடம் பதிலே இருந்திருக்காது.

இன்னொரு சங்கதி. அந்தச் சட்டம் பொறுப்பாளி என்று சொல்வது டிரான்ஸ்போர்ட் நடத்துகிறவரை. புக்கிங் ஆபீஸ், கான்ட்ராக்டர், ஏஜென்ட், புரோக்கர் எல்லோரையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். போனை எடுக்காத அந்தப் புரோக்கரும் அதில் வருகிறார். நஷ்ட ஈட்டுக்கும் ஒரு அளவு உண்டு. சரக்கு அனுப்புகிறவர் கூடுதல் மதிப்பை எழுதிக் கொடுத்து அதற்குத் தனிக் கட்டணம் கட்டியிருந்தால் ஒழிய, வாடகையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் கேட்க முடியாது. 20,000 ரூபாய் வாடகை என்றால் ரெண்டு லட்சம், அதுதான் உச்சம். அதையும் கேட்க வேண்டுமென்றால் புக்கிங் ஆன தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலமாக நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். போனில் திட்டுவது நோட்டீஸ் ஆகாது.

சரி, சம்பளத்துக்கு ஓட்டுகிற டிரைவர் என்ன ஆவான்? முதலாளி அவன் சம்பளத்தில் பிடிக்கிறார், அதுதானே ஊரெல்லாம் நடக்கிறது. நம் தெருவிலேயே அப்படிக் காசை விட்டுவிட்டு ஓட்டுகிற தொழிலையே விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1936-ம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே, அவன் பொறுப்பில் ஒப்படைத்த சரக்கு அவனுடைய கவனக்குறைவால் நேரடியாகச் சேதமானால் மட்டும்தான் பிடிக்கலாம், அதுவும் நஷ்டத்துக்கு மேல் ஒரு பைசா பிடிக்கக் கூடாது, பிடிக்கும் முன் அவன் தரப்பைக் கேட்க வேண்டும் என்று இருந்தது. 2019-ல் நிறைவேறி, அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதைக் கைவிடவில்லை. மில்லில் நொய் கூடினதற்கு டிரைவர் சம்பளத்தில் கை வைக்க எந்தச் சட்டத்திலும் வழி இல்லை மாப்ள. இது தெரிந்த டிரைவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறாய்?

தார்பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்படியே திரும்பி வந்துவிடலாம் என்று பையன் ஒரு கட்டத்தில் கிளம்பவே பார்த்திருக்கிறான், நான்தான் போனில் தடுத்தேன். போனபோது போட்ட இ-வே பில்லை, அதாவது சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.யில் எடுக்கிற சீட்டை, வைத்துக்கொண்டு திரும்பி வரக் கூடாது. சரக்கு வேண்டாம் என்றால் விற்பனை திரும்பி வருகிறது என்று புது இ-வே பில் போட வேண்டும், அதற்கு விற்றவரோ வாங்கினவரோ ஒத்துழைத்தால்தான் முடியும். பழைய பில்லுக்கும் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் ஆயுள், குடோன் வாசலில் காத்துக் கிடக்கும்போதே அது முடிந்துபோகும். முடிகிற நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ நீட்டித்துக்கொள்ளலாம், அதை விட்டால் போச்சு. வழியில் பிடித்தால் வண்டியையும் சரக்கையும் நிறுத்திவிடுவார்கள், சரக்குக்காரர் முன்வந்து கட்டினாலே அபராதம் வரியைப் போல ரெண்டு மடங்கு. யார் கட்டுவது என்று பெரியவர்கள் சண்டை போட்டு முடிக்கும்வரை வண்டியில் படுத்துக் கிடப்பவன் டிரைவர்தான். நான் ராத்திரி பதினோரு மணிவரை மில்காரரிடம் மாறி மாறிப் பேசித்தான் அந்தப் பில்லை வாங்கினேன். அதைக் கொடுத்ததற்கு மட்டும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அரிசியாவது ரெண்டு நாள் கிடந்தால் கெடாது. நம் புளியங்குடி எலுமிச்சை, பாவூர்சத்திரம் தக்காளி, வாழைத்தார் ஏற்றிப் போகிறவன் நிலைமையை யோசித்துப் பார். வெயிலில் வண்டி நிற்க நிற்கச் சரக்கு கெடும், கெட்ட பிறகு கெட்ட சரக்கைக் கொண்டுவந்தான் என்று அவன்மேலேயே திருப்புவார்கள். சட்டத்தில் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அழுகுகிற சரக்கை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து 24 மணி நேரத்தில் எடுக்கவில்லை என்றால், கேட்பாரற்ற சரக்கு என்று வைத்து டிரான்ஸ்போர்ட்காரர் விற்றுவிடலாம், வாடகையும் செலவும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிட வேண்டும். மற்றச் சரக்கு என்றால் 30 நாள் காத்திருந்து, அப்புறமும் 15 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸுக்கும் வந்து சேர்ந்த நேரம் எழுத்தில் இருக்க வேண்டும். எங்கே சுற்றினாலும் அந்த வாசலுக்கே வந்து நிற்கிறது பார்.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். உன் குடோனில் சரக்கு எடுக்க முடியாது என்று உன் மேனேஜர் சொல்லட்டும், அது அவர் உரிமை. ஆனால் டிரைவரை வெறுங்கையோடு அனுப்பாதே. எல்.ஆரில் வண்டி வந்த நேரம், தார்பாயும் கயிறும் எப்படி இருந்தது, பை கிழியாமல் நனையாமல் வந்ததா, எத்தனை பை இறக்கினீர்கள், எந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்கிறீர்கள், திருப்பி அனுப்புகிற நேரம், இதை எழுதிக் கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடு. தரம் சரியில்லை என்று மொட்டையாக எழுதாதே, அதை வைத்து எந்தப் பக்கமும் இழுக்கலாம். நொய் என்றால் நொய் என்று எழுது, ஈரம் என்றால் எந்த வரிசையில் ஈரம் என்று எழுது. டிரைவர் தப்பு இருந்தால் அதையும் தாராளமாக எழுது, நான் குறை சொல்ல மாட்டேன். அப்புறம், மூட்டையை இறக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே குத்தூசி போட்டுப் பார்க்கச் சொல். இறக்கின பிறகு பார்ப்பதால்தான் கூலித் தகராறு எல்லாம் வருகிறது. நீயும் ஸ்டியரிங் பிடித்தவன், வாசலில் நிற்கிறவனுக்கு அந்தக் காகிதம் என்ன என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கமும் மாற்றிக்கொண்டிருக்கிறோம். மில்லில் ஏற்றும்போதே பையின் தையலைப் போட்டோ எடுக்கிறான், எல்.ஆரில் உள்ளே உள்ள சரக்கின் தரத்தை நாங்கள் பார்க்கவில்லை, பை கணக்கு மட்டும்தான் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். வண்டி காத்து நிற்பதற்கான ஹால்டிங் காசு ஒரு நாளைக்கு எவ்வளவு, சரக்கு திரும்பினால் வாடகை எவ்வளவு என்று கிளம்பும் முன்னாலேயே புரோக்கரிடம் மெசேஜில் வாங்கிக்கொள்கிறான். சில புரோக்கர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளித்தால் அந்த லோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பாக்கிக்கு அண்ணாச்சி மில்காரருக்கும் புரோக்கருக்கும் சேர்த்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். போன வாரம் மில்காரர் ஆள் அனுப்பி, பாதியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டார். பையன் வேண்டாம் என்கிறான், முழுசும் வேண்டும், மூட்டை மாற்றினேன் என்று சொன்னதற்கு ஒரு வார்த்தையும் வேண்டும் என்கிறான். நான் அவன் பக்கம்தான்.

வேறு விசேஷம், ஆனித் தேர் நல்லபடியாக நிலைக்கு வந்தது, குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல், மருமகன் எந்தக் காலேஜில் சேர்ந்தான் என்று எழுது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வருகிறாய் அல்லவா, வரும்போது உங்கள் குடோனில் சரக்கு வாங்கினதற்கு எழுதுகிற ஃபாரம் ஒன்று வெறுமையாக எடுத்து வா. அதை வைத்து இங்கே லாரி ஆபீஸ்காரர்களிடம் காட்டி, திருப்பி அனுப்புகிற சரக்குக்கும் இதே மாதிரி ஒன்று அச்சடித்து வண்டிக்கு ஒரு கட்டு கொடுக்கலாமா என்று பேசிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாப்ள