கராஜில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற பெற்றோருக்கு ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். ஊறுகாயை எப்படிக் கட்டுவது, எந்த மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்றெல்லாம். என் பங்குக்கு ஒன்று: போய்ச் சேர்ந்த வாரமே அவர்கள் வீட்டு கராஜை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

நான் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊட்டி ரயிலில் வெலிங்டன் தாண்டியதும் வருமே, அதுதான். தோட்டாவையும் பீரங்கிக் குண்டையும் தள்ளிவிடுகிற புகையில்லா மருந்து செய்யும் இடம். தீப்பெட்டியோடு உள்ளே கால் வைக்க முடியாது. அப்படி ஒரு இடத்தில் சம்பாதித்துப் படிக்க வைத்த மகன், அரிசோனாவில் பீனிக்ஸ் பக்கத்தில் தன் வீட்டில் செய்துவைத்திருந்த வேலையைச் சொல்கிறேன்.

குடியுரிமை கிடைத்ததும் அவன் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தான். அங்கே பலர் சுட்டு முடித்த பித்தளை உறையைப் பொறுக்கி வந்து, புதுக் கேப் (உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி), மருந்து, ஈயக் குண்டு வைத்து வீட்டிலேயே மறுபடி தோட்டா ஆக்கிக்கொள்கிறார்கள். ரீலோடிங் என்கிறார்கள். சட்டப்படி நடக்கிற பொழுதுபோக்குதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. கொரோனா சமயத்தில் கேப்புக்குப் பெரிய தட்டுப்பாடு வந்ததாம். அந்தப் பயத்தில் கிடைத்தபோதெல்லாம் வாங்கி அடுக்கியிருக்கிறான்.

நான் போனது ஜூன் மாதம். வெளியே 44 டிகிரி. கராஜுக்குள் நிற்க முடியவில்லை. கேஸ் வாட்டர் ஹீட்டரை ஒட்டி ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் எட்டுப் பவுண்டு மருந்து டப்பா இரண்டு, ஒரு பவுண்டு டப்பா ஒன்பது. பேர் எழுதாத காபி டின்னில் கொஞ்சம் மருந்து. மேல் தட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய கேப். அட்டைப் பெட்டி கிழிந்துவிட்டது என்று மொத்தமாகக் கொட்டி மூடி வைத்திருக்கிறான். "ஏர் டைட்டுப்பா, ஈரமே போகாது" என்று அதை எடுத்துக் குலுக்கிக் காட்டப் போனான். நான் போட்ட சத்தத்தில் மருமகள் ஓடிவந்துவிட்டாள்.

கேப் என்பது தட்டினால் வெடிப்பதற்கென்றே செய்த சாமான். கம்பெனி அதை ஒவ்வொன்றாகத் தனிக்குழியில் வைத்து விற்பது அழகுக்கு இல்லை. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வெடிக்கக் கூடாது என்றுதான். பாட்டிலில் கொட்டிவிட்டால் அத்தனையும் ஒரே குண்டு, சுற்றிலும் கண்ணாடிச் சில்லு வேறு.

மருந்தின் கதை வேறு. அது தானாகவே மெல்ல மெல்லக் கெடுகிற பொருள். அதன் முக்கியச் சரக்கான நைட்ரோசெல்லுலோஸ் சிதையும்போது அமிலப் புகை வரும். அந்த அமிலமே மீதியையும் அரிக்கும். அதைப் பிடித்து வைக்கத்தான் டைஃபினைலமீன் போன்ற சரக்கைக் கொஞ்சம் சேர்க்கிறோம். அது தீர்கிற வரைக்கும் மருந்துக்கு ஆயுள். பத்து டிகிரி சூடு ஏறினால் சிதைவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். குளுமையான அறையில் பல பத்து வருஷம் நல்லபடி இருக்கிற மருந்து அரிசோனா கராஜில் என்ன ஆகும்? பிரான்சின் லிபெர்த்தே போர்க்கப்பல் 1911இல் தூலோன் துறைமுகத்தில் வெடித்துச் சிதறியது, கெட்டுப்போன மருந்து தானே பற்றிக்கொண்டதால்தான். எதிரி யாரும் சுடவில்லை. நாங்கள் மாதிரி எடுத்துச் சோதனைக் குழாயில் சூடாக்கி, அந்தப் புகை பட்டு ஸ்டார்ச்சு அயோடைடு தாள் எத்தனை நிமிஷத்தில் நிறம் மாறுகிறது என்று கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்போம். வீட்டில் அதெல்லாம் முடியாது. மூக்குதான் துணை. நல்ல மருந்தில் ஸ்பிரிட் மாதிரி ஒரு வாசம் வரும். கெட்டது மூக்கில் சுரீரென்று ஏறும், சாய்த்தால் துருப்பொடி மாதிரி செம்பழுப்புத் தூள் பறக்கும்.

இரும்புப் பெட்டிதான் பத்திரம் என்று அவன் நினைத்திருந்தான். தீபாவளி மறுநாள் வெடிக்காத சரங்களைப் பிரித்து மருந்தைக் கொட்டிக் கொளுத்திய காலம் மறந்துபோச்சா என்று கேட்டேன். கொட்டிக் கிடந்தால் புஸ்; இறுக்கிக் கட்டினால்தான் டமார். தீ வந்தால் இரும்புப் பெட்டி அந்தக் கட்டு வேலையைச் செய்துவிடும். மரப்பெட்டி என்றால் அழுத்தம் ஏறுமுன் பிரிந்து கொடுத்துவிடும். அந்த நாட்டுத் தீயணைப்பு விதியும் இதைத்தான் சொல்கிறது: வீட்டில் 20 பவுண்டு வரை கம்பெனி டப்பாவிலேயே வைக்கலாம், அதற்கு மேல் 50 வரை என்றால் ஒரு அங்குலப் பலகைப் பெட்டி வேண்டும், கேப் 10,000த்தைத் தாண்டக் கூடாது. ஊருக்கு ஊர் இது மாறும். இவனிடம் இருந்தது 25 பவுண்டு.

அப்புறம் வேலை நடந்தது. மகனின் கிளப்பிலிருந்து அனுபவமுள்ள ஒரு பெரியவர் வந்து, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, கேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டில் எடுத்துப் பழையபடி குழிகளில் அடுக்கிக் கொடுத்தார். அரை நாள் ஆனது. காபி டின் மருந்து எந்த ரகம் என்று மகனுக்கே தெரியவில்லை. ரகம் தெரியாத மருந்தைத் தோட்டாவில் போட்டால் துப்பாக்கியே கையில் வெடிக்கும். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டு, அவர்கள் சொன்னபடி அதைத் தீர்த்தோம். நானும் மகனும் பலகை வாங்கிப் பெட்டி அடித்தோம். இப்போது மருந்து வீட்டுக்குள் ஏசி ஓடுகிற அறையில், பூட்டுப் போட்டு இருக்கிறது. கேப்பும் அப்படியே, ஆனால் வேறு அலமாரியில். ஒவ்வொரு டப்பாவிலும் வாங்கிய மாதமும் திறந்த மாதமும் என் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது. பேத்திக்குத் தமிழ் எண் சொல்லிக் கொடுத்தது அப்போதுதான்.

காலி பாட்டிலைக் கடுகு போட்டு வைக்கலாம் என்று மருமகள் கழுவ எடுத்தாள். கேப்பில் ஈயச் சரக்கு இருக்கிறது அம்மா என்று வாங்கி, நானே குப்பையில் போட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளி,
அருவங்காடு, நீலகிரி