தொடக்க எண்ணை யார் கொடுத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடவுள் இருப்பதற்கான நிகழ்தகவு 67 விழுக்காடு என்று சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மும்பைக் கல்லூரி ஒன்றில் 31 ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவள் நான். நாள்தோறும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவளும்கூட. இரண்டு வகையிலும் அந்தக் கட்டுரை என்னை வருத்தியது.

67 என்பது ஸ்டீபன் அன்வின் என்ற இயற்பியலாளர் 2003-இல் ஒரு நூலில் போட்ட கணக்கு. கருவி, பேயீஸ் தேற்றம். தாமஸ் பேயீஸ் என்ற பாதிரியார் 1761-இல் மறைந்த பிறகு, அவர் எழுதிவைத்திருந்ததை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763-இல் வெளிவரச் செய்தார். தேற்றத்தில் குற்றமில்லை. சான்று ஒன்று கிடைத்தால் நம் நம்பிக்கை எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று அது சொல்லும். ஆனால் முதலில் எவ்வளவு நம்பினோம் என்பதை நாம்தான் கொடுக்க வேண்டும். அன்வின் கொடுத்தது 50 விழுக்காடு. கட்டுரை இதைச் சொல்லவே இல்லை.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் அன்று காலை பத்திரிகையும் கையுமாக வந்துவிட்டான். “மாமி, கணக்கே சொல்லிவிட்டது. இனி அப்பா வாயைத் திறக்க முடியாது” என்றான். அவன் அப்பா கடவுள் மறுப்பாளர். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை அவனிடம் கொடுத்தேன். 50 என்பது 67 ஆகியிருக்கிறது. அதாவது ‘உண்டு’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் 50-க்கு 50, ஒன்றுக்கு ஒன்று என்றிருந்தது 67-க்கு 33, ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று ஆகியிருக்கிறது. சான்றுகளின் பலம் இரண்டு மடங்குதான். “அப்பா நூற்றில் ஒன்று என்று தொடங்கட்டும்” என்றேன். எழுதினான். 1-க்கு 99 என்பது 2-க்கு 99 ஆயிற்று. விடை 2 விழுக்காடுகூட வரவில்லை. “இப்போது நான் தொடங்குகிறேன், நூற்றுக்கு 99” என்றேன். விடை 99.5. மூன்று விடைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதில் எது சரி மாமி?” என்று கேட்டான். அந்தக் கேள்வி கட்டுரையாளருக்கு வந்திருக்க வேண்டும்.

இந்தச் சறுக்கல் புதிதன்று. 1710-இல் ஜான் ஆர்பத்னாட் என்ற மருத்துவர், லண்டனின் 82 ஆண்டு ஞானஸ்நானப் பதிவுகளைப் புரட்டினார். ஓர் ஆண்டு தவறாமல் ஆண் குழந்தைகளே அதிகம். இது தற்செயலாக நடக்க 2-ஐ 82 முறை பெருக்கி வரும் எண்ணில் ஒரு பங்கே வாய்ப்பு; 48 எழுதி 23 சுழியம் போட்டால் ஏறக்குறைய அந்த எண். ஆகவே இது இறைவன் செயல் என்று முடித்தார். நிக்கோலஸ் பெர்னூலி என்ற கணித அறிஞர் மறுத்தார்: ஆணும் பெண்ணும் பாதிக்குப் பாதி என்று ஏன் தொடங்க வேண்டும்? 35-இல் 18 ஆண் என்று வைத்துக்கொண்டால் வியப்பே இல்லையே! இன்றும் உலகில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. ஆர்பத்னாட்டின் பெருக்கல் சரி. அவரது கணக்கு வீழ்த்தியது நாணயம் சுண்டுவது போன்ற தற்செயலை மட்டுமே. உயிர் தற்செயலாகத் தோன்ற வாய்ப்பே இல்லை என்று கட்டுரையின் பிற்பகுதியில் வரும் வாதமும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது.

கட்டுரையை மறுத்து எழுதிய வாசகர் நிகழ்தகவு பூஜ்யம் என்கிறார். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். நாளை எந்தச் சான்று வந்தாலும் அவர் கணக்கு அசையாது. அவரும் கணிதத்தை விட்டுவிடலாம்.

எனக்கு வரன் பார்த்த நாட்களில் அம்மா மாட்டுங்கா கடைத்தெருவில் பூ வாங்கி வருவார். செவ்வரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று. தொட்டால் அடையாளம் தெரியக் கூடாதென்று காம்பைக் கிள்ளி, ஒரே அளவுத் தாளில் மடித்து, முருகன் படத்தின் முன் போட்டு என்னை எடுக்கச் சொல்வார். பாதிக்குப் பாதி என்பது அம்மாவுக்குத் தெரியாததா? இந்த இடம் வேண்டுமா வேண்டாமா என்றுதான் கேட்டார். முருகன் இருக்கிறானா என்று ஒரு நாளும் பூப் போட்டுப் பார்த்ததில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய கட்டுரையை இனி வெளியிட்டால், எந்த எண்ணில் தொடங்கினார், ஏன் அந்த எண் என்பதை முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியை,
மாட்டுங்கா, மும்பை