பாலக்கோடு நூலகத்து அண்ணனுக்கு நன்றி

அண்ணா, பெயரைப் போடாதே என்றீர்கள். சரி, போடவில்லை. நன்றி சொல்லாமல் மட்டும் இருக்க முடியாது.

அப்பாவும் அம்மாவும் பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்க, எட்டாவதோடு படிப்பை நிறுத்தப்போவதாகச் சொன்ன என் தம்பியை ஞாயிறுதோறும் நூலகத்தில் உட்காரவைத்தீர்கள். என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வின் மனத்திறன் தாளில் 90 கேள்வி, 90 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துப் பதறாமல் எழுதப் பழக்கியது நீங்கள்தான். பட்டியலில் அவன் பெயர் வந்துவிட்டது! பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

பணத்தைவிட, மனதில் கிடந்ததையெல்லாம் உங்களிடம் வாய்விட்டுப் பேசினானே, எனக்கு அதுதான் பெரிது. எங்களிடம்கூட அப்படிப் பேசியதில்லை. அப்புறம், வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்கு உங்கள் வண்டியிலேயே கூட்டிப்போனீர்கள். அதற்கும் நன்றி, அண்ணா. இப்போது ஒன்பதாவது போகிறான்.